60 கோடி முடிச்சுகள், இரண்டு கம்பளங்கள்! பெரிய கட்டடங்களுக்கு விரிப்பு தயாராவது எப்படி?

தக்கலையிலிருந்து சுமார் 2 கிலோமீட்டரில் இருக்கிறது பத்மநாபபுரம் அரண்மனை. போய் வந்தவர்களுக்கு அதன் தரை மறக்காது. வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே கால் வைத்தால் ஜில்லென்று ஒரு கறுப்புத் தரை. குனிந்தால் முகம் தெரிந்துவிடுமோ என்கிற அளவுக்கு வழுவழுப்பு. சுண்ணாம்பு, சிரட்டைக் கரி, முட்டையின் வெள்ளைக்கரு, செடிச் சாறு எல்லாம் சேர்த்து இழைத்தது என்று சொல்வார்கள். 1795 வரை திருவிதாங்கூரின் தலைநகரமாக இருந்த இடம் இது. ஆனாலும் சுவருக்குச் சுவர் கம்பளம் விரிக்க வேண்டிய தேவை இங்கே இருக்கவில்லை.

காரணம் எளிது. தென்மேற்கு, வடகிழக்கு என்று இரண்டு பருவமழையும் பெய்கிற மாவட்டம் கன்னியாகுமரி. இங்கே கம்பளியைத் தரையோடு தரையாக ஒட்டிவைத்தால் ஈரம் கோத்துக்கொள்ளும், வாடை வரும். அதனால் தரையையே அழகாக இழைத்துவிட்டு, உட்காரவும் படுக்கவும் வேண்டிய இடத்தில் மட்டும் பாய் விரித்தார்கள். காலையில் சுருட்டி வைத்தால் வேலை முடிந்தது.

ஆனால் இன்றைய பெரிய கட்டடங்களின் தேவை வேறு. நாடாளுமன்றம், விமான நிலையம், நூலகம், பள்ளிவாசல், ஆலய மண்டபம், கல்யாண மண்டபம் என்று நூற்றுக்கணக்கானோர், சில இடங்களில் ஆயிரக்கணக்கானோர் ஒரே தளத்தில் நடக்கிறார்கள். அத்தனை பெரிய விரிப்பு கடையில் தயாராகக் கிடைக்காது. அந்தக் கட்டடத்துக்கென்றே அளவெடுத்து, வரைந்து, நெய்ய வேண்டும். சட்டைக்கு அளவெடுக்கிற மாதிரிதான். அணிவது கட்டடம் என்பது மட்டும்தான் வித்தியாசம்.

டெல்லிக் கணக்கு

இதற்குச் சமீபத்திய பெரிய உதாரணம், 2023 மே 28 அன்று திறக்கப்பட்ட புதிய நாடாளுமன்றக் கட்டடம். மக்களவையில் 888 பேருக்கு இருக்கை, மாநிலங்களவையில் 384 பேருக்கு. இரண்டு அவைகளுக்கும் கையால் முடிச்சிட்ட கம்பளம் நெய்து கொடுத்தது, 1920-ல் தொடங்கப்பட்ட 'ஓபீட்டி' என்ற உத்தரப்பிரதேச நிறுவனம். நெய்தவர்கள் பதோஹி, மிர்சாபூர் மாவட்டங்களின் நெசவாளர்கள். பதோஹி கம்பளத்துக்கு 2010-லேயே புவிசார் குறியீடு கிடைத்துவிட்டது.

மக்களவைக் கம்பளத்துக்குத் தேசியப் பறவையான மயில். மயில் தோகையின் பச்சையும் நீலமும் கலந்த நிறம். மாநிலங்களவைக்குத் தேசிய மலரான தாமரை. கோகம் பழத்தின் சிவப்பு. பார்க்கிறவர்களுக்குத் தெரிவது இவ்வளவுதான். உள்ளே இருக்கிற கணக்குதான் மலைக்க வைக்கிறது.

இரண்டு அவைகளுக்கும் சேர்த்து மொத்தம் 35,000 சதுர அடி. ஒரு சதுர அங்குலத்துக்கு 120 முடிச்சுகள். பெருக்கிப் பார்த்தால் 60 கோடி முடிச்சுகளைத் தாண்டுகிறது. 900 நெசவாளர்கள் 10 லட்சம் மணி நேரம் உழைத்திருக்கிறார்கள். அதாவது, ஒரு மணி நேரத்துக்கு 600 முடிச்சு, நிமிடத்துக்குப் பத்து. இந்த வேகத்தில் ஒரே ஒரு சதுர அடி முடிக்க 29 மணி நேரம் ஆகிறது. நம் வீட்டுத் தரையில் பதிக்கிற இரண்டடி டைல்ஸ் ஒன்றின் அளவுக்கு நெய்ய வேண்டுமானால், ஒருவர் தினம் எட்டு மணி நேரம் வேலை பார்த்தாலும் இரண்டு வாரம் பிடிக்கும்!

வேலை தொடங்கியது 2020-ல், கொரோனா காலத்தின் நடுவில். வரைபடம், நிறம் எல்லாம் முடிவாகி, நெசவு தொடங்கியது 2021 செப்டம்பரில். முடிந்தது 2022 மே மாதம். கட்டடத்துக்குள் விரிக்கத் தொடங்கியது 2022 நவம்பரில்.

இன்னொரு சிக்கலும் இருந்தது. அவைகள் அரைவட்ட வடிவம். கம்பளமோ தறியில் செவ்வகமாகத்தான் வளரும். அத்தனை பெரிய தறியும் கிடையாது. அதனால் ஒவ்வோர் அவைக்கும் 158 துண்டுகளாக நெய்து, பிறகு ஒரே கம்பளமாகத் தைத்தார்கள். சராசரியாக ஒரு துண்டு 110 சதுர அடி, ஒரு சின்ன படுக்கையறை அளவு. ஒரு துண்டில் தொடங்கும் கோடு அடுத்த துண்டில் பிசகாமல் போய்ச் சேர வேண்டும். அதை நெய்கிறவர் வேறொரு தறியில் இருப்பார். இரண்டு பேரையும் இணைப்பது வரைபடம் ஒன்றுதான்.

கட்டம் போட்ட அந்த வரைபடத்தை வடக்கே 'நக்ஷா' என்கிறார்கள். ஒரு கட்டம் என்றால் ஒரு முடிச்சு. நம் ஊரில் புள்ளி வைத்துக் கோலம் போடுகிறவர்களுக்கு இது உடனே புரியும். ஒரு புள்ளி தப்பினால் கோலம் முழுக்கத் தப்பும். கோலத்தை அழித்துவிட்டு மறுபடி போடலாம். இங்கே ஒவ்வொரு முடிச்சாகப் பிரிக்க வேண்டும்.

முதலில் பார்க்க வேண்டியது கால்களை

ஒரு பெரிய கட்டடத்துக்கு விரிப்பு வடிவமைக்கிறவர் முதல் நாளே பூவும் கொடியும் வரையத் தொடங்குவதில்லை. எந்த வாசலில் கூட்டம் நுழைகிறது, எங்கே திரும்புகிறது, எங்கே நின்று பேசுகிறது, எங்கே நாற்காலி இழுபடுகிறது என்றுதான் முதலில் பார்ப்பார். ஒரு மண்டபத்தின் விரிப்பு எல்லா இடத்திலும் ஒரே மாதிரி தேய்வதில்லை. வாசலும், திருப்பமும், மேடைப்படியும்தான் சீக்கிரம் மொட்டையாகும். அங்கே நெருக்கமான நெசவும் குட்டையான இழையும் வேண்டும்.

அடுத்தது பூவின் அளவு. வீட்டு வரவேற்பறையில் அழகாக இருக்கும் சின்னப் பூ, நூறடி நீள மண்டபத்தில் வெறும் புள்ளியாகக் கரைந்துவிடும். பெரிய இடத்துக்குப் பெரிய வடிவம் வேண்டும். மாடத்தில் நின்று பார்க்கிறவருக்கும் கீழே நடக்கிறவருக்கும் அது ஒன்றாகத் தெரியாது. இரண்டு இடத்திலிருந்தும் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

மூன்றாவது நிறம். வெளிர் நிறத்தில் சேறு தெரியும். கறுப்பில் தூசும் நூலும் தெரியும். நடுத்தரமான இரண்டு, மூன்று நிறங்கள் கலந்த வேலைப்பாட்டில்தான் அழுக்கு ஒளிந்துகொள்ளும். சினிமா தியேட்டர், விமான நிலையம், பெரிய ஹோட்டல் இவற்றின் கம்பளங்கள் ஏன் கலர் கலராக இருக்கின்றன என்று யோசித்ததுண்டா? ரசனை பாதி, அழுக்கு பாதி! மழைக்காலத்தில் செம்மண் ஒட்டிய செருப்போடு மக்கள் வருகிற ஊரில், செம்மண் நிறத்தையும் நிறப்பட்டியலில் சேர்த்துவிடுவது புத்திசாலித்தனம்.

நான்காவது ஒலி. கல் தரையில் நாற்காலி கிறீச்சிடும், செருப்புச் சத்தம் எதிரொலிக்கும். விரிப்பு அதை விழுங்கிவிடும். பேச்சு கேட்க வேண்டிய அவைகளிலும், அமைதி வேண்டிய நூலகங்களிலும் கம்பளம் போடுவதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

கடைசியாக இழையின் சாய்வு. கம்பள இழை ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்கும். ஒரு துண்டைத் திருப்பிப் போட்டுத் தைத்தால், அதே நிறம் வேறு நிறமாகத் தெரியும். நூலுக்குச் சாயம் ஏற்றும்போதும் இதே கதைதான். இன்று ஏற்றிய சிவப்பும் அடுத்த மாதம் ஏற்றும் சிவப்பும் அச்சு அசலாக ஒன்றாக இருக்காது. அதனால்தான் முழு வேலைக்கும் வேண்டிய நூலை மொத்தமாகச் சாயமேற்றி வைத்துக்கொள்வது நல்லது.

பந்திப்பாய் சொல்லும் பாடம்

இதெல்லாம் நமக்குப் புதிது என்று நினைக்க வேண்டாம். கல்யாண வீட்டில் விரிக்கிற பந்திப்பாயை நினைத்துப் பாருங்கள். ஒருவர் சம்மணமிட்டு உட்காரும் அகலம். ஒரு வரிசை முழுக்க உட்காரும் நீளம். பரிமாறுகிறவர் நடக்க நடுவில் இடைவெளி. சாப்பிட்டு முடித்ததும் சுருட்டி எடுத்துவிடலாம். ஆட்கள் எப்படி உட்காருவார்கள் என்று பார்த்துச் செய்த பொதுவிட விரிப்பு அது.

பள்ளிவாசல்களிலும் இதே கணக்குதான். தொழுகைக்கு நிற்கும் ஒரு வரிசைக்குச் சுமார் 4 அடி ஆழம் வேண்டும். அந்த அளவில் கோடு போட்டு நெய்து வாங்குகிறார்கள். கோடு நிற்கும் திசையும் முக்கியம். பீர்முகமது அப்பா தர்கா இருக்கும் நம் தக்கலையிலிருந்து மக்காவின் திசை நேர் மேற்கு அல்ல. மேற்கிலிருந்து வடக்காகச் சுமார் 24 டிகிரி திரும்ப வேண்டும். கட்டடம் அந்தத் திசை பார்த்துக் கட்டப்படவில்லை என்றால், விரிப்பின் கோடுகள் சுவருக்குச் சாய்வாக ஓடும். அப்போது ஓரங்களில் முக்கோணத் துண்டுகள் வெட்ட வேண்டியிருக்கும், அதற்கும் சேர்த்துத்தான் துணி கணக்கிட வேண்டும்.

வளைகுடா நாடுகளில் வேலை பார்த்தவர்கள் நம் மாவட்டத்தில் ஏராளம். மஸ்கட்டில் சுல்தான் காபூஸ் பெரிய பள்ளிவாசலின் கம்பளத்தைப் பலர் பார்த்திருப்பீர்கள். 4,343 சதுர மீட்டர், 21 டன் எடை, 170 கோடி முடிச்சு. ஈரானின் குராசான் பகுதிப் பெண்கள் 600 பேர் நெய்தது. 58 துண்டுகளாக வந்து, அங்கே ஒன்றாகத் தைக்கப்பட்டது. பின்னர் அபுதாபியின் ஷேக் சாயித் பெரிய பள்ளிவாசல் அதை மிஞ்சியது: 5,627 சதுர மீட்டர். அதுவும் ஈரானில் நெய்ததுதான். அதில் ஒரு நுட்பம் உண்டு. பூ வேலைப்பாட்டின் குறுக்கே அழுத்தமான கோடு போடாமல், இழையின் உயரத்தைச் சற்றே மாற்றி வரிசையைக் காட்டியிருக்கிறார்கள்.

நெய்த கைகள் யாருடையவை?

கம்பளத்தின் கதையில் நாம் கவனிக்காமல் மிதித்துப் போகிற பக்கம் ஒன்று உண்டு. நெய்தவர்கள் யார், அவர்களுக்கு என்ன கிடைத்தது?

இங்கிலாந்தின் விண்ட்சர் கோட்டையில் வாட்டர்லூ மண்டபம் என்று ஒன்று இருக்கிறது. அங்கே விரித்திருக்கும் பிரம்மாண்டக் கம்பளம், விக்டோரியா மகாராணி பட்டமேற்ற 50-ம் ஆண்டு நிறைவுக்காக நம் ஆக்ரா சிறையில் கைதிகள் நெய்தது. தையலே இல்லாத ஒரே துண்டு. எடை சுமார் 2 டன். 1992-ல் கோட்டையில் தீப்பிடித்தபோது அதைச் சுருட்டி வெளியே கொண்டுபோக 50 ராணுவ வீரர்கள் தேவைப்பட்டார்களாம். அதை நெய்த கைதிகளின் பெயர் யாருக்கும் தெரியாது.

சுதந்திர இந்தியாவிலும் கம்பளத் தறிகளில் பிஞ்சு விரல்கள் முடிச்சிட்டன. பதோஹி, மிர்சாபூர் பகுதித் தறிகளிலிருந்து குழந்தைகளை மீட்ட போராட்டத்தில் முன்னால் நின்றவர் கைலாஷ் சத்யார்த்தி. குழந்தைத் தொழிலாளர் இல்லாமல் நெய்த கம்பளத்துக்கு ஒரு முத்திரை இருந்தால், வாங்குகிறவர்கள் அதைக் கேட்டு வாங்குவார்கள் என்ற யோசனையில் 1994-ல் 'ரக்மார்க்' பிறந்தது. இப்போது அதன் பெயர் 'குட்வீவ்'. சத்யார்த்திக்கு 2014-ல் அமைதிக்கான நோபல் பரிசு கிடைத்தது. வாங்குகிறவர் கேட்கும் ஒரு கேள்வி, எங்கோ ஒரு தறியில் உட்கார்ந்திருக்கும் குழந்தையைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்ப முடியும் என்பதுதான் அந்த முத்திரையின் அடிப்படை.

நம் பக்கத்தில் என்ன இருக்கிறது?

கம்பளிக் கம்பளம் குளிர் நாடுகளுக்கும் குளிரூட்டிய அவைகளுக்கும் பொருந்தும். ஜன்னல் திறந்து கிடக்கும் நம் மண்டபங்களுக்கு? அதற்கும் வழி இருக்கிறது.

ஈரோடு மாவட்டம் பவானியின் ஜமக்காளம் முதலாவது. பருத்தி நூலில் பட்டை பட்டையாக நிறம் மாறும் விரிப்பு. அகலமான ஜமக்காளத்துக்குத் தறியில் இரண்டு பேர் உட்கார்ந்து நாடாவை மாற்றி மாற்றித் தள்ளுவார்கள். நீளத்துக்கு எல்லையே இல்லை. மண்டப அளவுக்குச் சொல்லி நெய்து வாங்கலாம். துவைக்கலாம், வெயிலில் உலர்த்தலாம், மடிக்கலாம். 2005-06-ல் புவிசார் குறியீடு பெற்றது. 1985-ம் ஆண்டின் கைத்தறி ஒதுக்கீட்டுச் சட்டத்தின் கீழ் ஜமக்காளம் கைத்தறிக்கென்றே ஒதுக்கப்பட்ட ரகங்களில் ஒன்று. ஆனாலும் விசைத்தறியில் ஓட்டிய மலிவு விரிப்புகள் அதே பெயரில் சந்தைக்கு வருகின்றன. அடி வாங்குவது குழித்தறியில் உட்கார்ந்திருக்கும் நெசவாளர்தான்.

அடுத்தது திருநெல்வேலி மாவட்டத்துப் பத்தமடைப் பாய். கோரையைத் தாமிரபரணித் தண்ணீரில் ஊறவைத்து, மெல்லிசாகக் கிழித்து நெய்கிற பாய். புல்லின் நீளம்தான் பாயின் அகலத்தைத் தீர்மானிக்கும். அதனால் பெரிய இடம் என்றால் துண்டுகளைச் சேர்த்துத்தான் ஆக வேண்டும். செருப்புக் காலுக்கு இது தாங்காது. வெறுங்காலோடு உட்காரும் தியான மண்டபத்துக்கும் பாட்டுக் கச்சேரி மேடைக்கும் இதைவிடப் பொருத்தமானது கிடையாது.

மூன்றாவது நம் வீட்டுக் கொல்லையிலேயே கிடக்கிறது. தேங்காய்க் கதம்பையிலிருந்து எடுக்கும் தும்பு. இயற்கை நார்களில் ஈரத்தையும் தேய்மானத்தையும் நன்றாகத் தாங்குகிற நார் இது. 1859-ல் ஜேம்ஸ் டாரா என்பவர் ஆலப்புழையில் கயிற்றுப்பாய் ஆலை தொடங்கி, வெளிநாட்டுக் கட்டடங்களுக்கு அனுப்ப ஆரம்பித்தார். அந்த ஆலப்புழைத் துறைமுகத்தை 18-ம் நூற்றாண்டில் வளர்த்தெடுத்த திவான் ராஜா கேசவதாஸ் யார் தெரியுமா? நம் விளவங்கோடு பக்கத்துக் குன்னத்தூர்க்காரர்! அன்று இரண்டு ஊரும் ஒரே திருவிதாங்கூர். 1956 நவம்பர் 1 அன்று கன்னியாகுமரி தமிழ்நாட்டோடு சேர்ந்தது. தென்னை மட்டும் இரண்டு பக்கமும் ஒரே மாதிரிதான் காய்க்கிறது. வாசலிலும் நடைபாதையிலும் தும்பு விரிப்பு போட்டால், செம்மண் அங்கேயே உதிர்ந்துவிடும். உள்ளே இருக்கும் விலையுயர்ந்த விரிப்பு பிழைக்கும்.

உங்கள் ஊர் மண்டபத்துக்கு வாங்கும் முன்...

ஆலயக் குழு, பள்ளிவாசல் ஜமாஅத், ஊர் நலச்சங்கம், நூலக வாசகர் வட்டம், பள்ளி நிர்வாகம் என்று எதிலாவது நீங்கள் இருந்தால், இந்த ஏழு விஷயங்களைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

1. வரைபடத்தில் உள்ள அளவை நம்பாதீர்கள். தரையை நேரில், மூன்று இடங்களில் அளந்து பாருங்கள். எதிரெதிர்ச் சுவர்கள் அரையடி வித்தியாசப்படுவது சகஜம். தூண்களையும் குறியுங்கள்.

2. ஒரு வாரம் கூட்டத்தைக் கவனியுங்கள். எங்கே நடக்கிறார்கள், எங்கே உட்காருகிறார்கள் என்று ஒரு தாளில் கோடு போடுங்கள். தையல் வரும் இடம் நடைபாதைக்குக் குறுக்கே வராமல் பார்த்துக்கொள்ளுங்கள். தையல்தான் முதலில் பிரியும். அதில்தான் பெரியவர்கள் கால் தடுக்கி விழுவார்கள்.

3. சின்ன மாதிரித் துண்டை வாங்கி, வாசலில் போட்டு ஒரு மாதம் மிதிக்க விடுங்கள். தண்ணீர் ஊற்றுங்கள், சாம்பார் சிந்துங்கள், துவையுங்கள். நிறம் போனால் இப்போதே தெரியட்டும்.

4. சக்கர நாற்காலியும் ஊன்றுகோலும் வரும் இடத்தில் குட்டை இழை மட்டும். ஓரங்கள் தரையோடு படிந்திருக்க வேண்டும்.

5. விளக்கு, மெழுகுவர்த்தி, சூடம் ஏற்றும் இடத்துக்குப் பக்கத்தில் விரிப்பே வேண்டாம். அவசர வழிகளில் போடும் விரிப்பு தீ எளிதில் பற்றாத ரகமா என்று கேட்டு, எழுத்தில் வாங்குங்கள்.

6. முழு அளவுக்கு மேல் கொஞ்சம் கூடுதலாக, ஒரே சாயத்தில், வாங்கி வையுங்கள். ஐந்து வருஷம் கழித்து ஓர் இடம் கிழிந்தால் அதே நிறம் கிடைக்காது. அரை மீட்டர் சதுரங்களாக வரும் கம்பள டைல்ஸின் வசதி இதுதான். கெட்ட சதுரத்தை மட்டும் எடுத்துவிட்டு வேறு வைக்கலாம்.

7. துவைக்க, உலர்த்த, சுருட்டி வைக்க ஆளும் இடமும் இருக்கிறதா? இல்லை என்றால் தரையோடு ஒட்டும் விரிப்பு வேண்டாம். நம் ஊர் மழைக்கு, எடுத்து உலர்த்த முடிகிற விரிப்பே நீண்ட நாள் உழைக்கும்.

விலை விஷயத்துக்கும் வருவோம். எல்லா இடத்தையும் கையால் நெய்த விரிப்பால் நிரப்ப எந்த ஊர்க் குழுவிடமும் பணம் இருக்காது. அப்படிச் செய்ய வேண்டியதும் இல்லை. கூட்டம் மிதிக்கும் வாசலுக்குத் தும்பு, உட்காரும் கூடத்துக்கு ஜமக்காளம் அல்லது இயந்திரக் கம்பளம், மேடைக்கு மட்டும் நல்ல கைவேலை என்று பிரித்துக்கொள்ளலாம். ஆனால், விலைப்புள்ளி கேட்கும் தாளில் 'கைத்தறி' என்ற ஒரு சொல்லை எழுதுவதா வேண்டாமா என்பது குழுவின் கையில் இருக்கிறது. அந்தச் சொல் இல்லாவிட்டால் மலிவான இயந்திர விரிப்புதான் ஜெயிக்கும். இருந்தால், எங்கோ ஒரு தறிக்குச் சில மாத வேலை கிடைக்கும்.

கைவேலை என்று சொல்லி இயந்திர வேலையைத் தலையில் கட்டிவிடுவார்களோ என்ற பயமா? அதற்கும் ஒரு சுலபமான சோதனை உண்டு. கம்பளத்தின் ஒரு மூலையைப் புரட்டிப் பாருங்கள். கையால் முடிச்சிட்டது என்றால், முன்பக்கப் பூ பின்பக்கமும் தெரியும். முடிச்சுகள் வரிசையாக, ஆனால் கொஞ்சம் ஏறி இறங்கி இருக்கும். எல்லாம் அளவெடுத்தாற்போல் ஒரே சீராக இருந்தால், அது இயந்திரம். பின்பக்கம் முழுக்கத் துணி ஒட்டி மூடியிருந்தால், அது துப்பாக்கி போன்ற கருவியால் நூலைக் குத்தி, பசை தடவிய ரகம். அதுவும் மோசமில்லை, ஆனால் அதற்குக் கைமுடிச்சு விலை கொடுக்காதீர்கள்.

முன்பக்கத்தைப் பார்த்து எல்லோரும்தான் ரசிக்கிறார்கள். பின்பக்கத்தையும் புரட்டிப் பார்க்கிறவரிடம் வியாபாரி ஏமாற்ற மாட்டார். நெசவாளிக்கும் உரிய கூலி போய்ச் சேர ஒரு வாய்ப்பு கிடைக்கும்.